படியில நிக்காதீங்க

வெர்டெல் பிக்கெட்டுக்குச் சோறு தண்ணி இல்லாவிட்டாலும் மானம் வேண்டும். வடக்கு பிலடெல்பியாவில் அவள் இருந்த தெருவுக்குத் தலைவி அவள்தான். சனிக்கிழமை காலையில் வீடு வீடாகத் தட்டி ஆட்களைத் துடைப்பத்தோடு கிளப்புவாள். குப்பை வண்டி வரும் நாளுக்கு ஒரு நாள் முந்தி யார் வீட்டுக் குப்பை வெளியே வந்தாலும் அந்த வீட்டு வாசலில் போய் நின்று மானத்தை வாங்கிவிடுவாள். பள்ளிக்கூடச் சமையலறையில் உழைத்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களை இடம் காட்டி உட்கார வைப்பாள். அவள் காட்டிய இடத்தை மாற்றி உட்கார எவனுக்கும் தைரியம் கிடையாது.

போலீஸ்காரர்கள் சட்டையில் கேமரா மாட்ட ஆரம்பிக்காத காலம் அது. தெருமுனையில் நின்றாலே பையன்களைச் சுவரோடு சாய்த்துப் பையைத் துழாவுவார்கள். கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள்ளும் வருவார்கள். இதைப் பொறுக்காமல் வெர்டெல்தான் சர்ச்சின் கீழ்த்தள அறையில் ஒரு கூட்டம் போட்டாள். கோழி பொரித்து, உருளைக்கிழங்கு சாலட் செய்து, ஒரு வக்கீலையும் வரவழைத்தாள். நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரண்ட் இல்லாமல் வந்தால் கதவைத் திறக்க வேண்டியதில்லை, நீங்களாக உள்ளே கூப்பிட்டுவிட்டால் அப்புறம் எந்தச் சட்டமும் உங்களைக் காப்பாற்றாது என்று வக்கீல் சொல்லிவிட்டுப் போனார். வெர்டெல் விடவில்லை. "காகிதம் இல்லன்னா கதவு இல்ல!" என்று எல்லோரையும் உரக்கச் சொல்ல வைத்தாள். வாயைத் திறக்காதவர்களுக்குக் கோழி கிடையாது என்றுகூட மிரட்டினாள்.

ஊருக்குத்தான் உபதேசம்.

மே மாதம் ஒரு மத்தியானம் இரண்டு போலீஸ்காரர்கள் அந்தத் தெருவுக்கு வந்தார்கள். கடையில் திருடிவிட்டு ஓடிய எவனையோ தேடி வந்தவர்கள். முதலில் எதிர்வீட்டு ஒசெல்லா டப்ஸின் கதவைத் தட்டினார்கள். ஒசெல்லா கம்பிவலைக் கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, "காகிதம் இருக்கா?" என்றாள். இல்லை. "அப்ப நடையைக் கட்டுங்க ராசா" என்று உள்கதவையும் சாத்திக்கொண்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகள் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள். போலீஸ் வண்டி அந்த வாசலில் நிற்பது தெருவுக்குப் பழகிப்போன காட்சி. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த வெர்டெலுக்கு முகம் சுளித்தது. நம்ம தெருப் பேரைக் கெடுக்கவென்றே ஒரு குடும்பம் என்று முணுமுணுத்தாள்.

அடுத்து அவள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்த படியில் நான்கு பூட்ஸ் கால்கள். அக்கம்பக்கத்தில் திரைகள் அசைந்தன. அவ்வளவுதான், அவளுக்குக் கை கால் ஓடவில்லை. வக்கீலும் மறந்தார், கோழியும் மறந்தது. கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க, படியில நிக்காதீங்க. நாலு பேரு பாத்தா எங்களையும் எதிர்வீட்டு டப்ஸ் கூட்டம்னு நினைச்சுக்குவாங்க."

வந்தார்கள். அதில் மூத்தவன் தொப்பியைக் கழற்றி, "வீட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவள் உருகிவிட்டாள். ஐஸ் டீ கலந்து கொடுத்தாள். கொடுத்தாளே, பாவி!

"பின்வாசல் வழியா எவனாவது நுழைஞ்சிருக்கானான்னு ஒரு தடவை பாத்துக்கலாமாம்மா?"

"மூலை முடுக்கெல்லாம் பாத்துக்கங்க ஆபீஸர். மறைக்க ஒண்ணும் இல்லாத வீடு இது."

பின்னறையில் ஆள் ஒளியக்கூடிய அலமாரியைத் திறந்தான். மேல்தட்டில் துப்பாக்கி இருந்தது.

"இது யார் ரூம்மா?"

"என் தம்பி ரூம்" என்று சொல்லிய பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

தம்பி வெண்டலுக்கு ஐம்பது வயதாகப் போகிறது. இளமையில் ஒரு அடிதடியில் மாட்டி ஜெயிலுக்குப் போய் வந்தவன். அந்த ஊர்ச் சட்டப்படி அப்படிப்பட்டவன் துப்பாக்கியைத் தொடவே கூடாது. ஆனால் ராத்திரியில் கார் நிறுத்துமிடத்தைக் காவல் காக்கிற வேலை. ஒரு முறை எவனோ மண்டையைப் பிளந்துவிட்டுப் பணப்பையைப் பறித்துக்கொண்டு போனதிலிருந்து பயந்து வாங்கி வைத்திருந்தான். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அவனைத் துப்பாக்கியோடு சேர்த்து வெளியே தள்ளியிருப்பாள்.

அக்காவுக்கும் தனக்குமாகச் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு வந்தவனைப் படியிலேயே மடக்கி, குப்புறத் தள்ளி, கையைப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டினார்கள். எந்தத் தெரு பார்க்கக் கூடாது என்று அவர்களை உள்ளே கூப்பிட்டாளோ, அந்தத் தெரு மொத்தமும் வாசலில் நின்று பார்த்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அன்று சாயங்காலம் முதலில் ஓடி வந்தவள் ஒசெல்லா டப்ஸ்தான். "வெர்டெல், எப்படிடி உள்ள வந்தானுங்க?" என்று கேட்டாள்.

வெர்டெலுக்கு வாயில் வந்த பொய் இது: "தள்ளிக்கிட்டு வந்துட்டானுங்க ஒசெல்லா. நான் கதவைக் கொஞ்சமாத்தான் திறந்தேன்."

"நாசமாப் போறவனுங்க!" என்று ஒசெல்லா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தெரு முழுக்கக் கொதித்தது. சர்ச்சில் அவளுக்காக ஜெபம் செய்தார்கள். சொன்ன பொய் ஒன்று, அதைக் கேட்டவர்கள் நூறு பேர். இனி எங்கே போய் அதைத் திருப்பி வாங்குவது?

அரசாங்கம் வெண்டலுக்குக் கொடுத்த வக்கீல் மிஸ் கர்ரன் சின்னப் பெண், கெட்டிக்காரி. வெர்டெலை உட்கார வைத்துச் சொன்னாள்: "அரசுத் தரப்புல ஒரு பேரம் பேசறாங்கம்மா. குத்தத்தை ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷம். நாம எதிர்த்து வாதாடினா பேரம் போச்சு, தோத்தா அஞ்சு வருஷத்துக்குக் குறையாது. ஆனா அவங்க தள்ளிக்கிட்டு நுழைஞ்சிருந்தா அந்தத் துப்பாக்கி சாட்சியாவே நிக்காது. உங்க தம்பி அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். அதனால கேக்கறேன், நீங்க கூப்பிடலையே?"

சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. பக்கத்து நாற்காலியில் ஒசெல்லா இருந்தாள். துணைக்கு வந்தவள், வெர்டெலின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல, கூப்பிடல" என்றாள் வெர்டெல்.

ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தபோது வெண்டல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்தபடி இருந்தான். "பேரத்தை வேணாம்னுட்டேன் அக்கா. நீ சொன்னா ஜட்ஜ் நம்புவாரு. உன் மூஞ்சியைப் பாத்தா யாருக்கு நம்பத் தோணாது?" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மறுநாளும் போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரமும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விசாரணை நாளில் தெருவே நல்ல உடுப்பில் வந்து பெஞ்சுகளை நிரப்பியது. சாட்சி என்பதால் வெர்டெலை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். போலீஸ்காரன் உள்ளே என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது. கூப்பிட்டபோது கைப்பையை இறுக்கிக்கொண்டு நடந்தாள். தெருக்காரர்கள் பக்கம் பார்த்துப் புன்னகைத்தாள். ஒருவரும் திருப்பிப் புன்னகைக்கவில்லை. ஒசெல்லா தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், பயந்திருக்கிறார்கள் என்று வெர்டெல் நினைத்துக்கொண்டாள்.

பைபிள் மேல் கை வைத்தாள். தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்றாள்.

அரசு வக்கீல் அதிகம் கேட்கவில்லை. "அவங்களை உள்ள கூப்பிடும்போது எதிர்வீட்டுக்காரங்களைப் பத்தி ஏதாவது சொன்னீங்களாம்மா?"

போலீஸ்காரன் உள்ளே என்ன சொல்லியிருப்பான் என்று வெர்டெலுக்கு அப்போதுதான் புரிந்தது. "இல்ல" என்றாள். அந்த ஒற்றைச் சொல் அவளுக்கே கேட்கவில்லை. உரக்கச் சொல்லும்படி நீதிபதி சொன்னார். உரக்கச் சொன்னாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். நிதானமாகப் பேசினார். போலீஸ்காரர்கள் பொய் சொல்லுவதைத் தான் பார்க்காமலில்லை என்றார். "ஆனா 'எங்களையும் டப்ஸ் கூட்டம்னு நினைச்சுக்குவாங்க'ங்கற வார்த்தை அந்த ஆபீஸருக்குச் சொந்தமா வரக்கூடியது இல்ல. அது அந்தத் தெருவுல குடியிருக்கறவங்க வாயிலேருந்துதான் வரும்" என்றார். கதவைத் திறந்து கூப்பிட்டது அவள், பார்க்கச் சொன்னதும் அவள், ஆகையால் சோதனை செல்லும், துப்பாக்கி சாட்சியாக நிற்கும் என்று முடித்தார்.

ஒசெல்லா எழுந்தாள். கோபமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட வெர்டெலுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். பெஞ்சில் இருந்தவர்களிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

காவலர்கள் வெண்டலை அழைத்துப்போக வந்தார்கள். மிஸ் கர்ரன் ஏதோ கெஞ்சிக் கேட்டு அவனைத் தடுப்புக் கம்பி அருகே ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்தாள். வெர்டெல் கிட்டே போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நிஜமாவே நீயா கூப்பிட்டே?"

இனிச் சொல்வதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்போதுதான் அவளுக்குச் சொல்ல வந்தது.

"ஆமாண்டா. படியில நின்னா ஊரு பாக்குமேன்னு கூப்பிட்டேன்."

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தட்டும், காறித் துப்பட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள். அவன் கணக்குப் புரியாத பிள்ளைபோல் அவள் முகத்தையே பார்த்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா. ரெண்டு வருஷத்துல வந்திருப்பேனே."