மாப்பிள்ளையின் மன்னிப்பு

தெருவில் அவளை நாவலம்மா என்று கூப்பிடுவார்கள். அது மரியாதையா கிண்டலா என்று இருபது வருஷமாக அவளுக்குப் பிடிபடவில்லை. கூப்பிட்டால் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்துவிடுவாள்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. அப்புறம் பைண்டிங் கடையில் தாள் மடிக்கிற வேலை. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். அதை மடித்து அடுக்க வேண்டும். ஒருத்திக்கு ஒரு தாள் என்று கணக்கு, அவளுக்கு எப்போதும் புத்தகத்தின் நடுப்பகுதிதான் வரும். அதில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பாள், இல்லாவிட்டால் ரயிலுக்குக் காத்திருப்பாள். எதற்கு அழுதாள், ரயில் வந்ததா என்பதெல்லாம் பக்கத்து மேஜைக்காரியிடம் இருக்கும். போய்க் கேட்கக் கூச்சம். வீட்டுக்கு நடக்கிற வழியில் மிச்சக் கதையைத் தானே கட்டிக்கொள்வாள். கட்டுவது என்று ஆன பிறகு அழுகிறவளை எதற்கு அழவிட வேண்டும்? எல்லாருக்கும் நல்லபடியாகவே முடித்துவிடுவாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு முதல் கதையை எழுதி மாத நாவல் போடுகிற பதிப்பகத்துக்கு அனுப்பினாள். இப்போது நாற்பத்தொரு நாவல். எல்லாம் ஒரே வார்ப்பு. ஒரு நல்ல பெண் இருப்பாள். அவளுக்கு வாய்த்தவன் முரடன், அல்லது சந்தேகக்காரன், அல்லது வாயே திறக்காத சிடுமூஞ்சி. அவள் பொறுப்பாள். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அவன் மனம் மாறும். அட்டையில் ‘நம்பிக்கை ஊட்டும் காதல் கதை’ என்று போடுவார்கள்.

வீடு அவளுக்குத் துணை நின்றதா என்றால், நின்றது. அதில் குறையே சொல்ல முடியாது. கணவர் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து மணிக்கு அவளை உள் அறையில் உட்கார வைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொள்வார். யார் வந்தாலும், “அவங்க எழுதுறாங்க, பன்னெண்டரைக்கு அப்புறம் வாங்க” என்பார். பன்னிரண்டரைக்குக் கதவைத் தட்டி, “வண்டியை ஷெட்டுல விடு, பசிக்குது” என்பார். கையெழுத்துப் பிரதியை அவரே பதிப்பகத்துக்கு எடுத்துப் போவார். முன் அறையில் ஒரு வாசகியின் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ‘வக்கீலைப் பார்க்கக் கிளம்பியவள், பஸ்ஸில் உங்கள் கதையைப் படித்துவிட்டுப் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்’ என்று அந்த அம்மாள் எழுதியிருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டுவார்.

மாடியில் நாத்தனார் தையல் கடை வைத்திருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையில் ஒரு நாவலைத் திணிக்காமல் விடமாட்டாள். “எங்க அண்ணி எழுதினது. படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு கைக்குட்டை நனைஞ்சு போச்சு!” என்பாள்.

ஆனால் புதுப் பசையின் வாசனை போவதற்குள் அவர்கள் இருவர் பிரதியும் அலமாரிக்குப் போய்விடுவதை அவள் கவனித்திருந்தாள். ஒரு பக்கத்தின் ஓரமாவது மடங்கியிருக்காது. கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஒன்றுவிடாமல் படித்தது மகள் ஒருத்திதான். பத்து வயதிலிருந்து அம்மாவின் கோழிக் கிறுக்கலை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். கல்யாணமாகி மூன்று வருஷம். மாப்பிள்ளை மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. கல்யாணமான புதிதில் மகள் சிரித்துச் சிரித்துச் சொல்வாள்: “புது மாத்திரை வந்தா கண்ணாடி முன்னாடி நின்னு ஒப்பிப்பாரும்மா. எங்க நிறுத்தணும், எங்க குரலை இறக்கணும்னு பென்சில்ல குறிச்சு வச்சிருப்பாரு.”

அந்த மகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள்.

விஷயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. மாப்பிள்ளை வெளியூர் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவார். மூன்று நாள், நான்கு நாள். உள்ளே அரிசி இருக்கும், காய் இருக்கும், மகள் இருப்பாள். அவள் போன் அவர் பையில் இருக்கும். இப்படி இரண்டு வருஷம். இந்தத் தடவை குளியலறைக் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரை ஒழுகியது. வீட்டுச் சொந்தக்காரர் பூட்டை அறுக்க ஆள் கூட்டி வந்தார். கதவைத் திறந்தால் நடுக்கூடத்தில் கணுக்கால் தண்ணீரில் ஒரு பெண் நிற்கிறாள். அவர்கள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தபோது மகள் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

“பூட்டிட்டுப் போறதுன்னா... காலம் கெட்டுக் கிடக்குதில்ல, பாதுகாப்புக்குத்தான் இருக்கும்” என்றாள் நாத்தனார்.

“பேசிக்கலாம். எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு” என்றார் டைம்கீப்பர்.

சமையலறையில் மகள் தனியாக நின்றபோது நாவலம்மா பக்கத்தில் போய்க் கேட்டாள்: “ரெண்டு வருஷமா ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

மகள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “சொன்னா நீ என்னம்மா சொல்லியிருப்பே? நீ சொல்றதுதான் எனக்கு மனப்பாடமாச்சே. பொறுத்துக்கோ, அவன் மனசு மாறும். நானும் ஒவ்வொரு தடவை பூட்டு திறக்கிறப்பவும் இதுதான் கடைசிக்கு முந்தின அத்தியாயம்னு நினைச்சேன்.”

“அது கதைடி.”

“எனக்கு யாரும் அப்படிச் சொல்லல.”

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பாதியாக வற்றும்வரை நாவலம்மா அங்கேயே நின்றாள். மறுநாள் பத்து மணிக்கு வழக்கம்போல டைம்கீப்பர் அவளை உட்கார வைத்தார். பன்னிரண்டரைவரை தாளில் ஒரு எழுத்தும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருவதாகப் போன் வந்தது. டைம்கீப்பர்தான் பேசி வரச்சொன்னார். “மகளுக்குப் பிடிக்காட்டி அனுப்ப வேணாம். ஆனா மனுஷன் பேச வர்றதைத் தடுக்கக் கூடாதில்ல?” என்றார். ஆனால் காலையிலேயே நாத்தனார் மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டிருந்தாள். அனுப்புவது என்று இவர்கள் முடிவு செய்தாயிற்று என்பது நாவலம்மாவுக்கு அந்தப் பையைப் பார்த்ததுமே தெரிந்துபோனது. மகளுக்கும் தெரிந்தது. அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். டீயை வாங்கிக் கீழே வைத்தார். எழுந்து நின்றார்.

“உன்னை நான் சந்தேகப்படல” என்றார் மகளிடம். “என்னை நானே நம்பல. இருட்டுல நிக்கிறவன் விளக்கைத் திட்டுற மாதிரி உன்னைத் திட்டினேன்.” இங்கே ஒரு நிறுத்தம். பிறகு குரல் இறங்கியது. “ஒரே ஒரு வாய்ப்புக் குடு. நீ அழுத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் உன்னைச் சிரிக்க வைக்கிறேன். அதுக்கு என் ஆயுசு போதலைன்னா, உன் ஆயுசுல கொஞ்சம் கடன் குடு.”

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இந்தத் தடவை நிஜமாகவே கண்ணீர். டைம்கீப்பர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இவளே, கேட்டியா?” என்றார் தழுதழுத்து. “நாற்பத்தொரு கதை எழுதினியே, இப்படி ஒரு வசனம் வந்திருக்கா? குறிச்சு வச்சுக்கோ, அடுத்த கதைக்கு ஆகும்.”

“ஆயிடுச்சு” என்றாள் நாவலம்மா.

“என்னது?”

அவள் எழுந்து அலமாரிக்குப் போனாள். பதினேழாவது நாவல். விளக்கு வரிக்கு மட்டும் நான்கு நாள் காலையில் உட்கார்ந்திருக்கிறாள், தேடவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்தைப் பிரித்துக் கணவரின் மடியில் வைத்து வரியில் விரலை வைத்தாள். அவர் உதடு அசைய அசையப் படித்தார். நாத்தனார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கடைசியில் அந்த ‘ஆயுசு கடன்’ வந்ததும் இருவரும் நிமிர்ந்தார்கள். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“இந்தக் கதைக்குத்தானே உங்களுக்குக் கைக்குட்டை நனைஞ்சது?” என்றாள் நாவலம்மா. தன் கதையைப் பற்றி நாத்தனாரை இருபது வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“நாற்பது கதையில எல்லா வரியுமா ஞாபகம் இருக்கும் அண்ணி?” என்று சிணுங்கினாள் நாத்தனார்.

சுதாரித்துக்கொண்டவர் மாப்பிள்ளைதான். “அத்தை, நான் மறைக்கல. எனக்குச் சொல்லத் தெரியாததை நீங்க அழகா எழுதி வச்சிருந்தீங்க. அதான் சொன்னேன்.”

அவ்வளவுதான், டைம்கீப்பருக்கு உயிர் வந்துவிட்டது. “பாத்தியா! யாரோ எழுதினதையா சொன்னாரு? மாமியார் எழுதினதை மனப்பாடம் பண்ணி வந்திருக்காரு! உன் எழுத்து ஒரு மனுஷனை மாத்தியிருக்கு இவளே. இதுக்குமேல ஒரு எழுத்தாளருக்கு என்ன வேணும்?”

“எந்த மாப்பிள்ளை இந்தக் காலத்துல மாமியார் புத்தகத்தைத் தொடுறாரு?” என்றாள் நாத்தனார், பையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே.

மகள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: “அடுத்த பக்கத்துல அவ என்ன செய்வா?”

அவளுக்கா தெரியாது? அந்தப் பக்கத்தை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

“பையை எடுத்துக்கிட்டு அவன் பின்னாடி போவா” என்றாள் நாவலம்மா. “நான் அப்படித்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன்.”

அப்புறம் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். அவரை நேராகப் பார்த்துப் பேசியதே இல்லை. “நீங்க சொன்னதுல பூட்டைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே தம்பி. ஏன்னா இதை எழுதினப்ப எனக்குப் பூட்டு தெரியாது. பூட்டைப் பத்தி நீங்களா ஏதாவது சொல்லுங்க.”

மாப்பிள்ளை டைம்கீப்பரைப் பார்த்தார்.

“அது... வீட்டுல தனியா இருக்கிற பொம்பளை. தெரு எப்படின்னு இவளுக்குத் தெரியாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க?”

அன்று அவர் சொந்தமாகச் சொன்னது அது ஒன்றுதான். எங்கும் நிறுத்தவில்லை, குரலை இறக்கவும் இல்லை.

“நான் வரல” என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள். தாழ்ப்பாளை அவளே போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் கூச்சல் எதுவும் இல்லை. அப்படி இருந்திருந்தால் தேவலை. டைம்கீப்பர் வாசல் நாற்காலியை மடித்து மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டார். பத்து மணி ஆனாலும் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. உள் அறை மேஜைமேல் நாத்தனார் தைக்க வந்த துணிகளை அடுக்கத் தொடங்கினாள். “இப்ப எழுதலையே அண்ணி, சும்மாதானே கிடக்கு” என்றாள். கணவர் ஒரே ஒரு தடவை சொன்னார்: “ஊரெல்லாம் குடும்பத்தைச் சேர்த்து வச்சே. சொந்தப் பொண்ணு விஷயத்துல இப்படிப் பண்ணிட்டியே.”

மூன்றாவது வாரம் மகளுக்கு ஒரு மருத்துவமனையில் பதிவேடுகள் எழுதுகிற வேலை கிடைத்தது. பக்கத்திலேயே பெண்கள் விடுதி. அப்பா வழியனுப்ப வரவில்லை. பஸ் நிறுத்தம்வரை அம்மா பையைத் தூக்கி வந்தாள்.

“நீ எனக்காகப் பேசினே. அது தெரியும்” என்றாள் மகள், சாலையைப் பார்த்துக்கொண்டே. “ஆனா எனக்கு உன்மேல கோபம் போகலம்மா.”

“ம்.”

“போகுமான்னும் தெரியல. அங்க வந்து பாக்காதே. நானா கூப்பிடுறேன்.”

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் இருந்தது, ஆனால் மகள் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பதிப்பகத்துக்காரர். தருவதாகச் சொன்ன கதை எங்கே என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. “பொண்ணு வந்திருந்தா சார், அதான் கொஞ்சம் தாமதம். இன்னைக்குத்தான் புருஷன் வீட்டுக்குக் கிளம்பினா. எல்லாம் சரியாப் போச்சு. இனிமே வண்டி நேரத்துக்கு வந்துடும்.”

போனை வைத்தவர் அவளைப் பார்த்தார். “வேற என்ன சொல்லச் சொல்றே? உன் வாசகிங்க என்ன நினைப்பாங்க?”

மாடியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நாத்தனாரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஏனென்றால் சாயங்காலம் ரவிக்கை வாங்கிக்கொண்டு இறங்கிய எதிர்வீட்டு அம்மாள், படியிலேயே நாவலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டு ரொம்பச் சந்தோஷம். உங்க கதை மாதிரியே முடிஞ்சிருச்சாமே!”

“இல்லீங்க” என்றாள் நாவலம்மா. “அவ அங்க போகல. விடுதியில இருக்கா. என்கூடவும் பேசமாட்டா.”

எதிர்வீட்டு அம்மாள் பிடித்த கையை மெல்ல விட்டாள். கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ரவிக்கையோடு ஒரு நாவல் இருந்தது. அதை மட்டும் எடுத்துப் படிக்கட்டுச் சுவரில் வைத்துவிட்டு, “அப்புறமா வாங்கிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.