துப்பட்டா மூடிய திரை

எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்த சமயம். துபாயிலிருந்து அவர் அனுப்பும் மின்னஞ்சலைப் படிக்க, வாரந்தோறும் திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அந்த அரை மணி நேரத்துக்காகவே வாரம் முழுதும் காத்திருந்த இனிய நாட்கள் அவை.

ஒருநாள் ஊர் திரும்பும் பஸ் கூட்டேரிப்பட்டை நெருங்கியபோதுதான், மின்னஞ்சல் கணக்கை மூடாமல் வந்தது உறைத்தது. கடிதத்தோடு அவருடைய பாஸ்போர்ட் நகலும் அதில் இருந்தது. பதறி இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பி ஓடினேன்.

நான் எழுந்துபோன நாற்காலியில் முன்பின் தெரியாத ஒரு பெண். கம்ப்யூட்டர் திரைமேல் அவருடைய துப்பட்டா.

“உங்க லெட்டராங்க? ரிசல்ட் பாக்க வந்தேன். இத எப்படி மூடுறதுன்னு தெரியல. யாரும் படிச்சிடக் கூடாதுன்னு காத்துக்கினு இருக்கேன்” என்றார்.

அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் வெளியிடத்தில் கணக்கை மூடி, மறுபடி சரிபார்த்த பிறகே எழுகிறேன். அலுவலகத்தில் யாராவது திறந்தபடி விட்டுப் போனால், படிக்காமல் மூடிவிடுகிறேன்.

– மேரி, கோலியனூர்