அந்தப் பச்சை விளக்கு மின்னியது உண்மை

நான் திருடினேன். கீழ் வீட்டு இன்டர்நெட்டைத் திருடினேன்... ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஏழு மாதங்கள்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். காற்றில் வந்ததைத்தானே எடுத்தாய், இதுவும் ஒரு திருட்டா என்று கேட்பீர்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் திருட்டோடு நின்றிருந்தால், இத்தனை வருடம் கழித்து உங்கள் முன்னால் வந்து நின்றிருக்க மாட்டேன்.

தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு, அப்பாவின் கையை எதிர்பார்க்க முடியாமல் பெங்களூருக்கு வேலை தேடி வந்தவன் நான். ஆஸ்டின் டவுனில் ஒரு மாடியறை. கீழே ரோஸ்மேரி ஆன்ட்டி தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். ஒரே மகன் எட்வின் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்று கம்ப்யூட்டரும் வாங்கி, கம்பியில்லாத இணைப்பும் போட்டுக் கொடுத்திருந்தார்.

பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வந்து நான் திறந்தபோது, அக்கம்பக்கத்து இணைப்புகளின் பட்டியலில் 'எட்வின்' என்ற பெயர் பூட்டில்லாமல் இருந்தது. அம்மாவுக்குப் பாஸ்வேர்டு அடிக்கத் தெரியாதே என்று பூட்டாமல் விட்டிருக்கிறார். அமுக்கினேன். உள்ளே போய்விட்டேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்... மட்டன் குழம்பைக் கேட்காமலே கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தவர்! ஏன் கேட்கவில்லை? எனக்கே தெரியவில்லை.

வேலைக்கு விண்ணப்பம் அனுப்பத்தான் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். பொய். விண்ணப்பத்துக்கு அரைமணி நேரம் போதும். மிச்ச மத்தியானம் முழுவதும் சினிமா இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் படிக்கட்டிலிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது.

"கண்ணு, ஸ்வல்ப கீழ வாயேன். எட்வின் லைன்ல வரான், ஆனா மூஞ்சி தெரிய மாட்டேங்குது."

போனேன். முகத்தில் புதிதாகப் பவுடர். பூசைக்குக் கட்டும் புடவை. மேசைமேல் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இன்டர்நெட் பெட்டி. அதில் பச்சை விளக்கு பரபரவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"லைட்டு மினுக்கு மினுக்குன்னா நான் வரேன்னு அர்த்தம்மான்னு சொல்லிட்டுப் போனான். தெனம் மத்தியானம் மினுக்குது. டூட்டி நடுவுல அம்மாவப் பாக்கணும்னு துடிக்கிறான் போல. நானும் சேலை மாத்திக்கினு உக்காந்துக்கிறேன்... வரவே மாட்டேன்றான்."

மாடியில் என் லேப்டாப்பில் ஒரு படம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த விளக்கை மின்னவைத்தது மகன் அல்ல... நான்!

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "அங்க நெட்வொர்க் ப்ராப்ளம் ஆன்ட்டி, வெயிட் பண்ணுங்க" என்றேன். காத்திருக்கச் சொன்னேன்! மேலே போய்ப் பார்த்தால் முக்கால் படம் வந்திருந்தது. மிச்சமும் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறுகளில் அவர் மகனைக் கேட்க ஆரம்பித்தார்... தினமும் கூப்பிட்டுவிட்டு ஏன் கட் பண்ணுகிறாய்? நான் கூப்பிடவே இல்லையே என்றார் அவர். ஆன்ட்டி விடவில்லை. நர்ஸ் அல்லவா? விளக்கு எப்போது மின்னியது, எப்போது நின்றது என்று காலண்டரில் நாள்வாரியாகக் குறித்துவைத்து வாசித்தார். மகன் பயந்துபோனார். லீவு போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் இருந்த பதினைந்து நாளும் நான் 'எட்வின்' பக்கமே போகவில்லை. மனம் திருந்தி அல்ல, பயந்து! அப்போதுதான் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. சேருவதற்கு முன்னால் ஆள் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். திருட்டுப்பட்டம் வந்தால் எல்லாம் போச்சு.

எட்வின் மத்தியானம் தவறாமல் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். விளக்கு அசையாமல் எரிந்தது. நான் ஒழுக்கமாக இருந்த அந்த இரண்டு வாரம்தான் ஆன்ட்டியைப் பொய்யாக்கியது.

பிறகு மாடியேறி வந்தார்.

"தம்பி, அம்மாக்கு மண்டையில ஏதோ சரியில்லன்னு தோணுது. நீ கூடவே இருக்குறவன், இன்னா சொல்ற?"

"வயசாச்சு இல்லண்ணா" என்றேன்.

ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. ஆட்டோ வந்து நின்ற காலையில், கேட்டருகே ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை... கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நீ பாத்தியே கண்ணு, என் பக்கத்துல நின்னுக்கினு பாத்த இல்ல? மினுக்கிச்சுன்னு இவன்கிட்ட சொல்லு."

எட்வின் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆட்டோவைத் திருப்பி அனுப்பியிருப்பார். எனக்குத் தெரியும்... அந்த நொடியிலேயே தெரியும்!

"சரியா ஞாபகம் இல்ல ஆன்ட்டி."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கையை மெல்ல விட்டார். "அப்போ எனக்குத்தான் அப்படித் தெரிஞ்சிச்சா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

இனி இது யாருக்கு, நீயே வைத்துக்கொள் என்று எட்வின் அந்தப் பெட்டியை எனக்கே கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்! இத்தனை வீடு மாறியும் அது என் பரணில்தான் கிடக்கிறது. ஒரு தடவைகூட மின்சாரம் கொடுத்ததில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை.

இல்லத்துக்குப் போய்ப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். போகவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஆன்ட்டி இறந்த செய்தியை எட்வின்தான் போனில் சொன்னார். அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆறுதல் போல ஒன்று சொன்னார்.

"அங்க போனப்புறம் கடைசி வரைக்கும் லைட்டுன்னு வாயே தொறக்கல தம்பி. முழுசா குணமாயிட்டாங்க."

"சந்தோஷம்ண்ணா" என்றேன்.