பச்சோந்திக்கு ஒரு பல்லி

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது நான் ஒரு பச்சோந்திக்கு ஊழியம் செய்தேன். வளர்த்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. வளர்க்கிறவர் சொல்வதை வளர்கிறது கொஞ்சமாவது கேட்க வேண்டும் அல்லவா? அது ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் ஆகாயத்தையும் பார்த்துக்கொண்டு, கறிவேப்பிலை மரத்தில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான்தான் சங்கரன்கோவில் முழுக்க அலைந்து அதற்குச் சாப்பாடு தேடினேன்.

அதைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஊறுகாய்க்கு என்று அடிபட்ட பழங்களை ஒரு சாக்குப்பையில் போட்டு எடுத்துவருவார். அந்த ஞாயிறு அம்மா பையை அடுப்படியில் கவிழ்த்தபோது, பழங்களோடு பச்சையாக ஒன்று விழுந்தது. மெல்ல எழுந்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி முன்னும் பின்னும் ஆடியது. அம்மா ஒரே தாவில் அம்மிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"ஏலே, நீ வெளங்குவியாலே? இத எதுக்குலே வீட்டுக்குள்ள கொண்டாந்த?"

"ஒண்ணும் செய்யாதுக்கா. மருமக வெளையாடட்டும்னு கொண்டாந்தேன்."

"கண்ணாலயே ரத்தத்த உறிஞ்சிரும்லே அது! இவ ஏற்கெனவே ஈர்க்குச்சியா இருக்கா. இருக்கதையும் அது உறிஞ்சிட்டுன்னா?"

என் ரத்தத்தைப் பற்றி அக்காவும் தம்பியும் வெகுநேரம் வாதாடினார்கள். நான் அதற்குள் பச்சோந்தியின் கண்ணில் விழுந்துவிட்டேன். கூம்பு மாதிரி இருந்த அந்தக் கண்கள் ஆளுக்கொரு திசையில் சுழன்றதைப் பார்த்தபிறகு, உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்பா விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தார். நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் இருந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் யார் கத்தினாலும் காதில் ஏறாது. கடைசியில் அவர்தான் தீர்ப்புச் சொன்னார்: அது வீட்டுக்குள் வரக் கூடாது, புறவாசலில் இருந்துகொள்ளட்டும். தறி நூலில் ஒரு நீள இழையை எடுத்து அதன் இடுப்பில் இறுக்காமல் கட்டி, மறுமுனையைக் கறிவேப்பிலை மரத்தில் கட்டியதும் அவரே.

எல்லா மரத்தையும் விட்டுவிட்டுக் கறிவேப்பிலையில் கட்டியதுதான் வினை. அம்மா தாளிக்கிற நேரம் பார்த்து அது கீழ்க்கிளைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மாவைக் கண்டால் உடம்பெல்லாம் கறுத்து, வாயைத் திறந்து காட்டும். எங்கள் வீட்டு ரசம் பல நாள் கறிவேப்பிலை இல்லாமல் கொதித்தது.

"என்னயப் பாத்தா மட்டும் கறுக்கு பாரு. நான் அதுக்கு என்ன செஞ்சேன்?" என்று அம்மா கேட்பாள். பயத்தைவிட அந்த மனத்தாங்கல்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

முதல் இரண்டு நாள் அது எதையும் தின்னவில்லை. சோறு வைத்தேன், இட்லியைப் பிய்த்து வைத்தேன். ஊறவைத்த துவரம்பருப்பு வைக்க வேண்டும் என்று மாமா வைத்தியர் தோரணையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதையும் வைத்தேன், காக்கா வந்து தின்றுவிட்டுப் போனது. மூன்றாம் நாள், அந்த இட்லித் துண்டில் ஓர் ஈ உட்கார்ந்தது. என்னமோ வெளியே வந்த மாதிரி இருந்தது, உள்ளே போன மாதிரி இருந்தது. ஈயைக் காணவில்லை. பச்சோந்தி மென்றுகொண்டிருந்தது. அதன் நாக்கு அதன் உடம்பு நீளம் இருந்தது என்று நான் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் நம்பவில்லை.

அன்றிலிருந்து ஈ எங்கெங்கே மொய்க்கும் என்பதில் நான் பண்டிதை ஆனேன். கருப்பட்டிக் கடை வாசலில் கையைக் குவித்துக்கொண்டு நிற்பேன். கடைக்காரர், "ஏட்டி, ஈ ஓட்டுதியா, ஈ பிடிக்கியா?" என்று கேட்பார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தரிசில் வெட்டுக்கிளி பிடித்து, காலித் தீப்பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவேன். கணக்கு வகுப்பில் பை கரகரவென்று சத்தம் போடும். வாத்தியார் பார்ப்பார். நானும் மற்றவர்களைப் போலவே சுற்றுமுற்றும் பார்ப்பேன். தண்ணீர்தான் பெரும்பாடாக இருந்தது. சிரட்டையில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. இலையில் தெளித்தால் மட்டும், சொட்டுச் சொட்டாக நக்கிக் குடிக்கும்.

இப்படி ஒன்றரை மாதம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை அதன் பச்சை மங்கியது. செவ்வாய்க்கிழமை சாம்பல் பூத்த மாதிரி ஆனது. மூக்குக்கு நேராக வெட்டுக்கிளியை ஆட்டிக் காட்டினாலும் கண்ணைத் திறக்கவில்லை. தெளித்த தண்ணீரையும் தொடவில்லை. வியாழக்கிழமை வந்த மாமா உதட்டைப் பிதுக்கி, "தேறாது மக்கா. வேற ஒண்ணு பிடிச்சுத் தாரேன்" என்றார். நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா, "நான் அப்பமே வேண்டாம்னு சொன்னேன்லா" என்று ஏனத்தைக் கழுவினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பாம்பு நடமாட்டம் இருந்தால், தகட்டில் செய்த பாம்பு உருவை வாங்கி அம்மன் உண்டியலில் போடுவார்கள். அதன்பிறகு பாம்பு அந்த வீட்டுப் பக்கம் வராது. தேளுக்குத் தேள், பூரானுக்குப் பூரான். பக்கத்து வீட்டில் தேள் போட்டபிறகு ஒரு தேள்கூடத் தலைகாட்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அம்மா அந்த உரு விற்கிற கடையில் நின்றாள்.

"அண்ணாச்சி, பச்சோந்தி இருக்கா?"

கடைக்காரர் ஒரு கணம் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "பச்சோந்திய யாரும்மா கேக்கா? பாம்பு இருக்கு, தேள் இருக்கு, பல்லி இருக்கு."

"பல்லியே குடுங்க. கொஞ்சம் பெரிசாப் பாத்துக் குடுங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சாகக் கிடக்கிற ஜீவனை விரட்ட இவ்வளவு அவசரமா? பெற்ற தாய் இத்தனை கல்நெஞ்சக்காரியாக இருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மா தகட்டுப் பல்லியைக் கண்ணில் ஒற்றி, ஏதோ முணுமுணுத்து, உண்டியலில் போட்டாள். அவள் கண்ணை மூடி நின்ற நேரத்தில், நானும் என் பங்குக்கு அம்மனிடம் பேசினேன். 'தாயே, இவள் சொல்வதைக் கேட்காதே. போட்டது பல்லி. எங்கள் வீட்டுப் பல்லிகளை எடுத்துக்கொள். நிறைய இருக்கிறது' என்றேன்.

ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. பெரியவர்கள் வேண்டினால்தான் சாமி முதலில் கேட்கும் என்று ஓர் எண்ணம். எந்த நோவுக்கும் குழைத்துப் பூசுகிற கோயில் புற்றுமண்ணை அம்மா வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் வீட்டுக்கு ஓடினேன். நூலை அறுத்தேன். பச்சோந்தியைத் தூக்குச்சட்டியில் வைத்து, கறிவேப்பிலை இலையால் மூடி, புளியங்குடி ரோட்டில் நடந்தேன். அம்மன் விரட்டுவதற்கு முன்னால் நானே அதைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவது என்று திட்டம். வெயில் சுள்ளென்று அடித்தது. வீடுகள் முடிந்த இடத்தில் ஒரு புளியமரம் நின்றது. அதன் அடியில் மூடியைத் திறந்தேன்.

உள்ளே அதன் முதுகில் வெள்ளைத்தாள் மாதிரி என்னவோ பிரிந்து நின்றது. நான் பயந்துபோய் மரத்தின் மேல் விட்டேன். அது பட்டையில் உடம்பைத் தேய்த்தது. தேய்க்கத் தேய்க்க, அந்தச் சாம்பல் தோல் துண்டு துண்டாக உரிந்து விழுந்தது. உள்ளே இருந்து, என் வாழ்நாளில் பார்க்காத பச்சை வெளியே வந்தது. சட்டை உரிக்கத்தான் அது அத்தனை நாள் சுருண்டு கிடந்திருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் வேண்டுதல் எட்டாத தூரத்துக்கு வந்துவிட்டதால்தான் பிழைத்தது என்று நினைத்தேன். அது ஒரு காலைத் தூக்கி, யோசித்து, ஆடி, மெல்ல மேலே ஏறியது. அந்த நடையில் புளியங்குடிக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கும். நான் அழுதேன், சிரித்தேன், காலித் தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கறிவேப்பிலை மரத்தடியில் நின்றாள். கையில் ஒரு சிரட்டை. அதில் புற்றுமண்ணைக் குழைத்து வைத்திருந்தாள்.

"எங்கட்டி அது?"

"விட்டுட்டேன். இனிமே நீ நிம்மதியா இரு."

"எந்திரிச்சு நடந்துச்சா?"

"நல்லாப் பச்சையாயி மரத்துல ஏறிட்டு."

அம்மா வாயில் கைவைத்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கோயில் இருந்த திசை பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

போன வருடம் என் மகனுக்குக் கண்ணில் நோவு வந்து, ஒருவழியாகக் குணமானது. நேர்ந்துகொண்டபடி, தகட்டில் செய்த கண்மலர் வாங்கிப் போட அம்மாவோடு அதே கோயிலுக்குப் போனேன். கடையில் ஒரே தட்டில் தேளுக்குப் பக்கத்தில் கண் இருந்தது, கண்ணுக்குப் பக்கத்தில் கால் இருந்தது. கால் நோகிறவர் காலைப் போடுகிறார். காலே வேண்டாம் என்றா போடுகிறார்? கண்மலரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

"ஏம்மா, அன்னைக்கு அந்தப் பச்சோந்திக்கு எதுக்குப் பல்லி வாங்கிப் போட்ட?"

அவளுக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"பின்ன? நாலு நாளாப் பச்சத்தண்ணி குடிக்காமக் கெடந்துச்சு. நீயும் அழுதழுது மூஞ்சி வீங்கிப்போயிக் கெடந்த. ஆத்தாட்ட கேக்காம வேற யார்ட்ட போயிக் கேக்க?"

நான் பேசாதிருந்த அந்த வாரம் முழுக்க, அம்மா தினமும் எனக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். பச்சோந்தி ஒழிந்த கொண்டாட்டம் என்று நினைத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் தின்றேன். பிரிவில் வாடுகிற பிள்ளையை அவள் தேற்றிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.