கட்டிலில் கட்டிய கால்

என் கூடப்பிறந்த ராத்தா அபீபாவின் புருஷன் அப்துல் ஸமத் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அலுவிகாரையில் மிளகுத் தோட்டக்காரர். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்.

போன மழைக்காலத்தில் படியில் சறுக்கி இடுப்பு மூட்டை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் உலோக மூட்டு வைத்தார்கள். எலும்பில் இருக்கிற அதே சத்தை அதன்மேல் பூசியிருப்பதாகவும், அவருடைய எலும்பு அதைத் தன் சொந்தமென்று நம்பி ஒட்டி வளருமென்றும் டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். தினமும் நடக்கவும் சொன்னார். மச்சான் காதில் முதல் பாதிதான் ஏறியது.

வீட்டுக்கு வந்தவர் ஜன்னலோரம் கண்மூடிக் கிடந்தார். வெளியே தூறல். முள்முருங்கையில் ஏறிய மிளகுக்கொடி ஈரத்தில் மினுங்கும்.

"தங்கச்சி, உள்ளுக்குள்ள மெதுவா புடிச்சி ஏறுது. எனக்கு வெளங்குது" என்பார், தூக்கத்தில் பேசுகிறவர் போல.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கும் கண் சொக்கும். வெள்ளை வேர்கள் இருட்டுக்குள் உலோகத்தைத் தடவித் தடவிப் பற்றுவது தெரிகிற மாதிரி இருக்கும். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

வாரங்கள் போயின. அவசியத்துக்கு மட்டும் எழும்பினார். கால் சூம்பியது. ஒரு காலையில் போர்வையை உதறப்போன ராத்தா வீடே அதிரக் கத்தினாள். தான் இடுப்பில் உடுத்துகிற பழைய சாரத்தைக் கிழித்து, மச்சான் காலைக் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தார். புதுக்கொடியை மரத்தோடு கட்டுகிற அதே இளக்கமான முடிச்சு.

"புதுசா நட்டத அசைச்சா புடிக்குமா?" என்றார்.

க்ளினிக்கில் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பாரம் இறங்கினால்தான் எலும்பு கெட்டியாகுமாம். இப்படியே கிடந்தால் நடையை மறந்துவிட வேண்டியதுதானாம்.

திரும்பி வந்ததும் ராத்தா முற்றத்தில் நிற்கவைத்து ஏசினாள். "எல்லாமே ஒங்களுக்குக் கொடிதானா? நடக்கிற ஆசையே இல்லையா?"

மச்சான், ஊன்றி நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த வோக்கரை இறுக்கிப் பிடித்தார். "ஆசை இருக்கு. மூட்டு கழண்டா திரும்பவும் ஆஸ்பத்திரிதானே. அங்க என் கட்டிலுக்குக் கீழ சிமெந்துத் தரையில நீ குளிர்ல சுருண்டு கெடந்தத பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். இன்னொருக்கா அதப் பாக்க எனக்கு ஏலாது, அபீபா."

ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"கழண்டா கழலட்டும். நான் தரையில படுத்துக்கிறேன். நீங்க நடங்க."

மச்சான் காலை அழுத்தி ஊன்றினார்.