செக்ரோல் பேரும் மாத்திரை ஒப்பந்தமும்

பயந்தாங்கொள்ளி என்று என்னை யாராவது சொன்னால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அது பொய்யில்லை. மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் நான் புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. முள்கம்பி வேலிக்குள் ஆட்கள் குடியிருக்கும் லயம், வாசலில் துப்பாக்கியோடு காவல், ஒரு பிடி அரிசியை வெளியே கொண்டுபோனால் ஜெயில். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் பயந்தோம், அவர்களைத் தேடி வந்தவர்களுக்கும் பயந்தோம்.

அந்த நேரம் பார்த்து அரசாங்க ஆராய்ச்சி ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மலேரியாவுக்கு ஒரு புது மாத்திரையைச் சோதிக்க வேண்டுமாம். மாத்திரை அவர்களுடையது, ஆளும் இடமும் தோட்டத்தினுடையது. வாராவாரம் மாத்திரை, மாதம் ஒருமுறை விரலில் குத்தி ரத்தம். வருகிற முடிவை ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் வெளியே சொல்லக்கூடாது. தோட்ட மேனேஜர் துரை தலையாட்டினார். ஒப்பந்தத்தை டைப் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

கடைசித் தாளில், சம்மதித்த முப்பது பேரின் பெயரும் கைநாட்டும் வேண்டும். நான்தான் மகா கெட்டிக்காரன் ஆயிற்றே! ஆட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே அடித்துத் தள்ளினேன். எங்கள் தோட்டத்தில் ஆள் மாறினாலும் செக்ரோலில் பேர் மாறாது. பேரை எடுத்தால் லயத்து வீடும் கையைவிட்டுப் போய்விடும். அதனால் அப்பன் பேரில் மகன் ரப்பர் பால் வெட்டுவான், அண்ணன் பேரில் தம்பி வெட்டுவான். ஒரு பெண், கப்பலேறி இந்தியாவுக்கு, ஊருக்கே போய்விட்ட புருஷன் பேரில் வெட்டிக்கொண்டிருந்தாள். லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

துரை கையெழுத்துப் போட்டார், ஆராய்ச்சி அதிகாரியும் போட்டார். மருந்து தோட்டத்துக்குள் வர அனுமதி வேண்டும் என்று ஒரு பிரதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. போன பிறகுதான் என் மூளை வேலை செய்தது. ஐயையோ! ஐசி என்கிற அடையாள அட்டையில் இருப்பது அவரவர் சொந்தப் பேர். அந்தப் புருஷனோ ஐசி பதிவுக்கு முன்பே ஊருக்குப் போனவன். ஐசி இல்லாத ஆம்பிளை என்றால் போலீஸ் கணக்கில் அவன் காட்டில் இருக்கிறவன். அவன் பேரில் மாத்திரை வாங்கப்போகிறவளை விடுவார்களா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. துரையிடம் சொல்லிவிடலாம் என்று பங்களா வாசல் வரை போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினேன்.

மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் போகுமுன் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டில், இன்ஸ்பெக்டர் அந்தக் கடைசித் தாளோடு வந்து நின்றார். அவர் மலாயில் கேட்க, நான் தமிழில் சொல்ல வேண்டும். அப்பன் பேர்க்காரன் அப்பனைக் காட்டினான், அண்ணன் பேர்க்காரன் அண்ணனைக் காட்டினான். திட்டு வாங்கிக்கொண்டு தப்பித்தார்கள். அடுத்து அந்த ஆம்பிளைப் பேரைக் கூப்பிட்டதும், அவள் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"புருஷன் எங்கே?"

"ஊருக்குப் போயிட்டாருங்க, துவான்."

"கடுதாசி இருந்தால் காட்டு."

"எனக்கு ஒண்ணும் போடலீங்க."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "கிராணி, இவள் புருஷன் கப்பலேறியது உனக்குத் தெரியுமா?"

தெரியும். கப்பல் டிக்கெட்டுக்கு அவனுக்கு மனு எழுதிக் கொடுத்ததே நான்தான். தெரியும் என்றால், பிறகு ஏன் இல்லாதவன் பேரை அரசாங்கத் தாளில் அடித்தாய் என்று கேட்பார். விசாரணையே இல்லாமல் உள்ளே போனவர்கள் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்தார்கள்.

"தெரியாது, துவான்."

அவள் என்னைப் பார்த்தாள். அதற்குள் அவளை லாரியில் ஏற்றிவிட்டார்கள். வெட்கப்பட்டாயா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் இருந்தது. சீ, நானும் ஒரு மனுஷன்!

பதினோரு நாள் கழித்து அவளை விட்டார்கள். தஞ்சோங் கிளிங்கில் இருந்த அவள் மாமன், புருஷன்காரன் தனக்குப் போட்டிருந்த ஒரு கடுதாசியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாராம். அதோடு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னது போலீஸ். மாத்திரை காட்டுக்குப் போகாமலிருக்க, ஒவ்வொருவரும் கிராணி முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். அதையும் நானே டைப் அடித்தேன். இந்தத் தடவை முப்பது ஐசியையும் வாங்கிப் பார்த்துப் பேர் அடித்தேன்.

முதல் வாரம் அவள் முறை வந்தபோது மாத்திரை என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவளே குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்தாள்.

"டிக்கெட் மனு யார் எழுதிக் குடுத்ததுன்னு பதினோரு நாளும் கேட்டாங்க, ஐயா. நான் சொல்லல," என்றாள்.

பிறகு மாத்திரையை விழுங்கிவிட்டு, நிபந்தனைப்படி, என் முன்னால் வாயைத் திறந்து காட்டினாள்.