அடுத்த வீட்டு வெக்கை

கோவில்பட்டியில் எங்கள் புதுக் காலனி முழுவதற்கும் ஏசி மாட்டியவர் அந்த மெக்கானிக் ஒருவர்தான். ஒல்லியான ஆள், புருவத்தில் எப்போதும் சுவர்த் தூசி. மாட்டியதும் வீட்டுக்காரர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவரோ வெயிலில் நின்று சுடச்சுட டீ குடிப்பார்.

முதல் வீட்டு ஏசி வெளியே தள்ளிய அனல் இரண்டாம் வீட்டு ஜன்னலுக்குள் புகுந்தது. அவர்கள் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தங்களுக்கும் ஒன்று மாட்ட அவரையே கூப்பிட்டார்கள். இப்படியே வெக்கை வீடு வீடாக நகர்ந்து, போன சித்திரையில் கடைசி வீடான எங்களிடம் வந்து சேர்ந்தது. தூக்கம் கெட்டு நானும் அவரை அழைத்தேன்.

"அவுட்டோர் பெட்டிய கரிசக்காட்டப் பாத்து வைக்குதேன் அண்ணாச்சி. அங்கன சண்டைக்கு வர ஆளில்ல."

"அப்ப இந்தத் தெருவுல உங்களுக்கு வேலை முடிஞ்சுது."

அவர் காட்டை நிதானமாகப் பார்த்தார். "பிளாட்டுக்குக் கல்லு நட்டிருக்காவ. வருவாவ அண்ணாச்சி."

வந்தார்கள். வீடும் எழும்பிவிட்டது. நேற்று அந்த வீட்டுக்காரர் என் வாசலில் நின்றார். "ஒங்க ஏசிச் சூடு பூரா எங்க ரூமுக்குள்ள வருது. பிள்ளை தூங்க மாட்டேங்குது."

நான் அந்த மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தேன். கொடுக்கும்போது, அன்றே 'வருவாவ' என்று சொன்ன அவர்மேல் ஏனோ எனக்கு ஒரு மரியாதை வந்தது.